குறைவாக ஓடிய பழைய கார்: அப்படியே காப்பதா, மாற்றி ஓட்டுவதா?

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும், காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளிலும், தார்ப்பாய் போர்த்தி நிறுத்திவைத்த பழைய கார்கள் இன்னும் இருக்கின்றன. ஆசையாக வாங்கியவர் காலமாகியிருப்பார், அல்லது வயதாகி ஓட்டுவதை விட்டிருப்பார்; பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள்; வண்டி மட்டும் ஷெட்டிலேயே நின்றிருக்கும். அப்படி நின்ற ஓர் அம்பாசிடரோ, பிரீமியர் பத்மினியோ, ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ ஒருவர் கைக்கு வந்து, அதன் மீட்டரில் 22,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியதாகக் காட்டினால், அவருக்கு உடனே ஒரு கேள்வி எழும். இவ்வளவு குறைவாக ஓடிய வண்டியைத் தொடாமல் அப்படியே பாதுகாக்க வேண்டுமா, அல்லது ஏ.சி., டிஸ்க் பிரேக், புது எஞ்சின் எல்லாம் போட்டு நம் வசதிக்கு மாற்றி ஓட்டலாமா?

இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் உறுதியாகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைவாக ஓடிய வண்டியைக் கட்டாயம் ஓட்ட வேண்டும். ஆனால் பழைய நிலைக்குத் திரும்பக் கொண்டுவர முடியாத எந்த மாற்றத்தையும் அதில் செய்யக் கூடாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரிய வேண்டுமானால், ஒரிஜினல் என்று எதைச் சொல்கிறோம், நின்ற வண்டிக்கு உள்ளே என்ன நடக்கிறது, எந்த மாற்றம் எந்த வகையைச் சேர்ந்தது என்பவற்றைப் பார்க்க வேண்டும்.

ஒரிஜினல் என்பது எது

பழைய கார் என்றாலே பளபளவென்று இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பளபளப்புக்கும் ஒரிஜினல் தன்மைக்கும் தொடர்பு இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அடித்திருந்த அதே பெயின்ட், அதே எஞ்சின், அதே சீட் துணி, அதே கண்ணாடிகள் ஆகியவற்றோடு, வயதுக்கு ஏற்ற மங்கலும் கீறலும் உள்ள வண்டிதான் ஒரிஜினல் வண்டி. முழுவதும் கழற்றி, தகரம் தட்டி, புதுப் பெயின்ட் அடித்துப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவந்த வண்டி ரெஸ்டோரேஷன் செய்யப்பட்டது. அது அழகாக இருக்கலாம், ஒரிஜினலைவிடவும் அழகாக இருக்கலாம். ஆனால் அதில் நாம் காண்பது இன்றைய பட்டறையின் கைவண்ணம். எஞ்சின், பிரேக், உட்புறம் போன்றவற்றை இன்றைய காலத்துக்கு ஏற்ப மாற்றியது மூன்றாம் வகை.

ஒரிஜினலுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ஏனென்றால் அது ஒரு சான்று. அம்பாசிடர் கார் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை தயாரானது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டது. பத்மினி, இத்தாலியின் ஃபியட் 1100 காரிலிருந்து வந்து மும்பை குர்லாவில் தயாரானது. ஹெரால்டோ நம் சென்னையிலேயே தயாரான வண்டி. அந்தத் தொழிற்சாலைகளில் எந்த நிறக் கலவையைப் பயன்படுத்தினார்கள், சீட்டுக்குள் என்ன நிரப்பினார்கள், வயர்களை எப்படிக் கட்டினார்கள், எந்தப் போல்ட்டை எந்த இடத்தில் போட்டார்கள் என்பதையெல்லாம் தெரிந்துகொள்ள, கை படாத ஒரு வண்டியைத் தவிர நம்மிடம் பெரும்பாலும் வேறு ஆவணம் இல்லை. லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் இவற்றில் பாதி மாறியிருக்கும். குறைவாக ஓடிய வண்டியில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். மீட்டரில் தெரியும் எண்ணுக்கு மதிப்பு வருவது அந்தக் காரணத்தால்தான்.

இந்த மதிப்பு உலகச் சந்தையில் எப்படித் தெரிகிறது என்பதற்கு ஒன்றிரண்டு உதாரணங்கள் சொல்லலாம். 2013-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பியர்ஸ் என்ற சிற்றூரில், மூடிப்போன ஒரு செவர்லே விற்பனையகத்தின் பழைய கையிருப்பு ஏலத்துக்கு வந்தது. விற்காமலே பல பத்தாண்டுகள் கிடந்த வண்டிகள் தூசும் அழுக்குமாகவே ஏலம் போயின, 1.3 மைல் மட்டுமே ஓடியிருந்த 1958-ஆம் ஆண்டு கேமியோ பிக்கப் ஒன்று 1,40,000 டாலருக்கு விற்றது. 2021-இல் 400 கிலோமீட்டருக்கும் குறைவாக ஓடிய 1995-ஆம் ஆண்டு மெக்லாரன் எஃப்-1 கார் 2 கோடி டாலருக்கு மேல் விலை போனது. அந்தக் கணக்கை அம்பாசிடருக்கோ பத்மினிக்கோ அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். லட்சக்கணக்கில் தயாரான வண்டிக்கு அந்த அளவு விலை வராது. ஆனாலும் கை படாத வண்டி ஒன்றுக்கும், நன்றாகப் பெயின்ட் அடித்த வண்டி ஒன்றுக்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊர் வாங்குபவர்களும் இப்போது கவனிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

மீட்டரை நம்பலாமா

எண் குறைவாக இருக்கிறது என்று மகிழ்வதற்கு முன் அந்த எண் உண்மைதானா என்று பார்க்க வேண்டும். பழைய கார்கள் பலவற்றின் மீட்டரில் ஐந்து இலக்கங்கள்தான் உண்டு. 99,999-ஐத் தாண்டியதும் அது மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து எண்ணத் தொடங்கும். ஆகவே 22,000 என்று காட்டும் வண்டி 1,22,000 கிலோமீட்டர் ஓடியதாகவும் இருக்கலாம், அதற்கு மேலும் ஓடியிருக்கலாம். மீட்டர் கேபிள் அறுந்த பின் அதை மாற்றாமலே பல ஆண்டுகள் ஓட்டியவர்களும் நிறையப் பேர் உண்டு. 1960களின் தொடக்கத்துக்கு முந்தைய வண்டி என்றால் அந்த எண் கிலோமீட்டரா மைலா என்பதையும் கவனிக்க வேண்டும்.

உண்மையைச் சொல்வது மீட்டரைவிட வண்டியின் உடம்பு. முதலில் குனிந்து பெடல்களைப் பாருங்கள். கிளட்ச் பெடலின் ரப்பரில் உள்ள வரிகள் கூர்மையாக இருக்கிறதா, அல்லது ஒரு பக்கம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்து உள்ளிருக்கும் இரும்பு தெரிகிறதா? 22,000 கிலோமீட்டரில் பெடல் ரப்பர் இரும்பு தெரியும் அளவுக்குத் தேயாது. ரப்பர் மட்டும் புதிதாக இருந்து பெடலின் தண்டு ஆடினால், ரப்பரை அண்மையில் மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அடுத்து டிரைவர் பக்கக் கதவைப் பாதி திறந்து, அதன் நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கீல் தேய்ந்திருந்தால் கதவு அரை விரலளவாவது எழும். பின்பக்கக் கதவையும் அதேபோல் தூக்கி, இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று இறுக்கமாகவும் மற்றது தளர்ந்தும் இருந்தால் டிரைவர் கதவு எத்தனை ஆயிரம் முறை திறந்து மூடியது என்பது விளங்கிவிடும். ஸ்டியரிங் வளையத்தில் கை வைக்கும் இடம், சாவித் துளையைச் சுற்றியுள்ள கீறல், டிரைவர் சீட்டின் ஸ்பிரிங் தாழ்ந்திருக்கும் அளவு ஆகியவையும் இப்படித்தான் பேசும்.

பெயின்ட்டுக்குச் சிறு காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின் கீழ்ப்பகுதியிலும் மட்கார்டு வளைவிலும் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் ஒட்டாமல் நழுவினால் அங்கே தகரத்தின் மேல் பட்டி தடிமனாக இருக்கிறது, அதாவது டிங்கரிங் நடந்திருக்கிறது. எஞ்சின் எண்ணும் சேஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதைச் சொல்லவே தேவையில்லை. ஜாக்கி, ஹேண்டில், டூல்ஸ் பை, சர்வீஸ் கூப்பன் புத்தகம், பழைய பில்கள் இவையெல்லாம் வண்டியோடு கிடைத்தால் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். ஷெட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று இவற்றைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

நின்ற வண்டிக்குள் நடப்பது

குறைவாக ஓடியது என்றால் தேய்மானம் குறைவு, ஆகவே வண்டி புதிது போல இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஓட்டத்தால் தேயும் பாகங்களுக்கு அது பொருந்தும். ஆனால் காரில் காலத்தால் கெடும் பாகங்களும் அதே அளவு உண்டு. ஆயில் சீல்கள் காய்ந்து இறுகும். கார்பரேட்டரில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போல ஒட்டி, நுண்ணிய ஜெட் துளைகளை அடைக்கும். பாதி காலியான டேங்கின் மேற்பகுதி துருப்பிடிக்கும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். எலிகள் வயரைக் கடிக்கும். டயர், பட்டன் (தரையில் படும் வரிகள்) தேயாமலே, பக்கவாட்டில் வெடிப்பு விடும்.

இவற்றில் மிக ஆபத்தானது பிரேக். மதுரையில் ஒரு பட்டறையில், பல ஆண்டுகள் நின்ற பத்மினி ஒன்றின் பின்சக்கர டிரம்மைக் கழற்றுவதை அருகிலிருந்து பார்த்தேன். டிரம் எளிதில் வரவில்லை. ஓரத்தில் சுற்றிலும் தட்டித் தட்டித்தான் எடுத்தார்கள். உள்ளே வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கியதும், தேங்காய் எண்ணெய் நிறத்தில் இருக்க வேண்டிய பிரேக் ஆயில் கருஞ்சிவப்புச் சேறாக வழிந்தது. பிஸ்டன் அசையவே இல்லை. வெகுநேரம் கழித்து அது வெளியே வந்த பிறகு, சிலிண்டரின் உட்சுவரை விரல் நகத்தால் தடவினால் சின்னச் சின்னக் குழிகள் தட்டுப்பட்டன. வழக்கமான பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. அந்த ஈரம்தான் சிலிண்டரை உள்ளிருந்தே அரித்திருந்தது. அந்த வண்டியின் வெளிப்பூச்சோ முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. பட்டறை மெக்கானிக் சொன்னது ஒரே வரி: "நிப்பாட்டி வச்சாத்தேன் சார் வண்டி கெடும், ஓட்டுனா கெடாது."

நம் ஊர் வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மதுரையின் வறண்ட காற்று தகரத்துக்கு நல்லது. ராமேஸ்வரம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வளர்ந்த வண்டியைவிட உள்நாட்டில் நின்ற வண்டியில் துரு குறைவாகவே இருக்கும். ஆனால் அதே வெயில் ரப்பர் பீடிங்கையும் டேஷ்போர்டையும் வெடிக்க வைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஷெட்டின் மண்தரை ஈரத்தைக் கக்கும்போது, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை போட்டு மூடிய வண்டிக்கு உள்ளேயே வியர்த்துவிடும். பருத்தித் துணி உறையும் சிமென்ட் தரையும் இருந்தால் போதும்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பதைப் பராமரிப்பு என்று பலர் நம்புகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடாகும் முன்பே அணைத்துவிட்டால் அந்த ஆவி சைலன்சரிலும், எஞ்சினுக்குள் கசிந்த பகுதி எஞ்சின் ஆயிலிலும் தண்ணீராகத் தங்கிவிடும். சோக் இழுத்து ஸ்டார்ட் செய்ததில் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலக்கும். செல்ஃப் மோட்டார் எடுத்த மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பியும் இருக்காது. இதற்கு ஸ்டார்ட் செய்யாமலே விடுவது மேல்.

சரி, எவ்வளவு ஓட்டலாம்? மாதம் இருமுறை, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நகரிலிருந்து அழகர்கோவில் வரை போய்த் திரும்பினால் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஆகும். ஆயில் முழுச் சூடு பெறவும், எல்லாக் கியர்களும் பிரேக்கும் வேலை செய்யவும் அது போதுமான தூரம். ஆண்டுக்குக் கூட்டினால் ஆயிரம் கிலோமீட்டர்கூட வராது. பத்து ஆண்டுகள் இப்படி ஓட்டினாலும் 22,000 என்றிருந்த எண் 32,000-ஐத் தொடாது. அப்போதும் அது குறைவாக ஓடிய வண்டியாகவே இருக்கும். எண் கூடிவிடுமே என்ற பயத்தில் வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனமும், பழைய வாகனம் உயிரோடு இருக்க அதைப் பேணுவதோடு தொடர்ந்து இயக்குவதும் இன்றியமையாதது என்ற கருத்தையே கொண்டிருக்கிறது.

முதல்முறை எழுப்பும்போது

நீண்ட நாள் நின்ற வண்டியில் பேட்டரியை மாட்டி உடனே சாவியைத் திருப்பக் கூடாது. பழைய பெட்ரோலை முழுவதும் இறக்கி, டேங்கைப் பார்க்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளை வழியே சிறிது எஞ்சின் ஆயில் விட்டு ஒருநாள் ஊறவைத்து, பிறகு ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். தடையில்லாமல் சுற்றினால்தான் அடுத்த கட்டம். எஞ்சின் ஆயில், கூலன்ட், பெட்ரோல் ஹோஸ்கள், ஃபேன் பெல்ட் எல்லாம் புதிதாக வேண்டும். பிரேக்கை முழுவதும் பிரித்துப் பார்க்காமல் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரவே கூடாது.

டயரில் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் தேதியைப் பாருங்கள். 2000-க்குப் பின் வந்த டயர்களின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது. பத்து வயதைத் தாண்டிய டயரில் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. இந்த மாதிரிப் பொருள்களை மாற்றுவதால் ஒரிஜினல் தன்மை போய்விடாது. அவை மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை. அளவு மட்டும் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும்: அம்பாசிடருக்கு 5.90-15, பத்மினிக்கு 5.20-14.

எரிபொருளால் வரும் சிக்கல் புதியது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது இப்போது நாடு முழுவதும் வழக்கமாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய வகை ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் என்ற சவ்வையும் ஊற வைத்துக் கெடுக்கும். எனவே எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களைப் போடுவதும், மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலைத் தேக்காமல் இருப்பதும் நல்லது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுவதும் நின்றுபோனது. அம்பாசிடரின் 1,489 சிசி எஞ்சின் போன்ற வார்ப்பிரும்பு ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி) உள்ள பழைய எஞ்சின்களில் அந்த ஈயம்தான் வால்வு சீட்டுகள், அதாவது வால்வுகள் அமரும் வளையங்கள், தேயாமல் காத்தது. நிதானமாக ஓட்டும் வண்டிக்கு அவசரம் இல்லை. என்றைக்காவது ஹெட்டைக் கழற்றும் வேலை வந்தால், அப்போது லேத்தில் கொடுத்துக் கடினமான வால்வு சீட்டுகளைப் போட்டுக்கொள்ளலாம். வெளியே தெரியாத, வண்டியின் ஆயுளைக் கூட்டும் இத்தகைய மாற்றத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

எந்த மாற்றம் சரி, எது வேண்டாம்

ஒரு மாற்றத்தைச் செய்யும் முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்: நாளை இதைக் கழற்றிவிட்டுப் பழைய பாகத்தை அதே இடத்தில் மாட்ட முடியுமா? முடியும் என்றால், வெட்டும் வெல்டிங்கும் இல்லாமல், ஸ்பேனரால் மட்டும் திருப்பிவிட முடியும் என்றால், செய்யலாம். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போடுவது, டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது, ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்துத் தனி வயர் இழுப்பது எல்லாம் இந்த வகை. கழற்றிய பாகத்தை எண்ணெய்த் துணியில் சுற்றி, எந்தத் தேதியில் எங்கிருந்து எடுத்தது என்று சீட்டு எழுதி, வண்டியோடே வைத்திருக்க வேண்டும். அந்தப் பெட்டி இல்லாவிட்டால், மாற்றத்தைத் திருப்ப முடியும் என்பது வெறும் பேச்சாகிவிடும்.

பாதுகாப்புக்கான மாற்றங்களுக்கு நான் கூடுதல் இடம் கொடுப்பேன். பழைய மாடல்கள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் சர்க்யூட்தான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரப் பிரேக்கும் போய்விடும். நான்கும் டிரம் பிரேக் என்பதால், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறிவிட்டு இறங்கும்போது மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் அந்தக் காலத்து டிரைவர்களின் வழக்கம். இன்றும் அதைவிட நல்ல வழி இல்லை. பிற்கால அம்பாசிடர்களில் முன்சக்கர டிஸ்க் பிரேக் வந்தது. அதே குடும்பத்துப் பாகத்தைப் பழைய வண்டியில் எதையும் வெட்டாமல் பொருத்த முடிந்தால், அடிக்கடி மலைக்குப் போகிறவருக்கு அது நியாயமான மாற்றம். சீட் பெல்ட்டும் அப்படித்தான். ஆனால் தகரத்தில் ஓட்டை போட்டு மாட்டினால் போதாது. விபத்தில் பிய்த்துக்கொண்டு வராத அளவுக்கு உள்ளே தடிமனான தகடு வைக்க வேண்டும். உயிர் காக்கும் இரண்டு ஓட்டைகளுக்காக ஒரிஜினல் போய்விட்டதே என்று யாரும் வருந்த வேண்டியதில்லை.

சித்திரை, வைகாசி வெயிலில் பெட்ரோல் பம்ப்பிலும் லைனிலும் பெட்ரோல் கொதித்து ஆவியாகி வண்டி நின்றுபோகும் தொல்லைக்குப் பலர் எலெக்ட்ரிக் பம்ப் போடுகிறார்கள். போடலாம், திருப்ப முடிந்த மாற்றம்தான். பழைய டிரைவர்கள் பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி ஓட்டினார்கள். காலை எட்டு மணிக்குள் வீடு திரும்பினால் இரண்டுமே தேவைப்படாது.

வேண்டாதவை என்று நான் நினைப்பவற்றுக்கு வருகிறேன். பத்மினியின் ஸ்டியரிங்கோடு இருக்கும் கை கியரை எடுத்துவிட்டுத் தரையை வெட்டி ஃப்ளோர் கியர் வைப்பது, வேறு எஞ்சினை உட்கார வைக்க மவுண்டிங்கை அறுப்பது, ஏ.சி.க்காக டேஷ்போர்டைக் குடைவது, சீட்டுகளைப் பிடுங்கிப் பக்கெட் சீட் போடுவது. இவை ஒவ்வொன்றும் குறைவாக ஓடிய வண்டியிடம் இருந்த சான்றை அழித்துவிடும். இவற்றுக்கெல்லாம் மேலாக நான் அஞ்சுவது ரீபெயின்ட். மங்கிய பெயின்ட்டைப் பார்த்ததும் முழு வண்டிக்கும் புதுப் பெயின்ட் அடித்துவிடலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. நம் கோயில்களில் கல்தூண்களைச் சுத்தம் செய்கிறோம் என்று மணலை வேகமாக வீசியடித்ததில் சிற்பங்களின் நுட்பமும் கல்வெட்டுகளும் மழுங்கிப்போனதை நாம் பார்த்திருக்கிறோம். தொழிற்சாலைப் பெயின்ட்டைச் சுரண்டுவதும் அதே வேலைதான். அடியில் இருந்த தகவல் போனது போனதுதான். மங்கிய பெயின்ட்டை மென்மையாகப் பாலிஷ் செய்து மெழுகு பூசினாலே பெரும்பாலும் உயிர் வந்துவிடும். துருப்பிடித்த இடத்தில் துரு மேலும் பரவாமல் நிறுத்தி, அந்த அளவுக்கு மட்டும் டச்சப் செய்யுங்கள்.

மாற்றங்களே வரலாறாகும் நேரமும் உண்டு என்பதை மறுக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டால் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. 1911-இல் மதுரையில் வேரூன்றிய டி.வி.எஸ். நிறுவனம் அதற்கான கருவிகளைத் தயாரித்தது. அந்தக் கருவி பொருத்திய ஒரு வண்டி இன்று கிடைத்தால், ஒரிஜினல் வேண்டும் என்று அதைக் கழற்றி எறிவது பெரும் பிழையாகும். அதேபோல், 1980களில் பெட்ரோல் விலைக்குப் பயந்து டீசல் எஞ்சின் மாட்டிய அம்பாசிடரும் அதன் காலத்தின் கதையைச் சொல்கிறது. ஏற்கெனவே நடந்த மாற்றம் அந்த வண்டியின் வாழ்க்கையில் ஒரு பகுதி. இன்றுவரை யாரும் தொடாத வண்டியில் நாம் முதல் வெட்டைப் போடுவது அப்படிப்பட்டதல்ல.

சட்டம் சொல்வது

இந்த முடிவில் விருப்பத்தோடு சட்டமும் சேர்ந்திருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி பதிய வேண்டும்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதிகளை வெளியிட்டது. முதல் பதிவுத் தேதியிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். சான்று 10 ஆண்டுகள் செல்லும். கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே அந்த எண்ணோடு சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கும் வாடகைக்கும் அனுமதி இல்லை. இதில் நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடைய நிபந்தனை ஒன்று உண்டு: வாகனம் அதன் மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் உள்ளிட்ட பெரிய வேலைகள் நடந்திருக்கக் கூடாது. 1978-ஆம் ஆண்டு பத்மினிக்கு 2028-இல்தான் 50 வயது நிறைகிறது. இன்று அதன் எஞ்சினை மாற்றுகிறவர் அந்த வாய்ப்பையும் சேர்த்தே இழக்கிறார். அதுவரை 15 ஆண்டுகள் கடந்த எந்தத் தனியார் காரையும் போல ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டு சாதாரணமாகவே ஓட்டலாம்.

மாற்றித்தான் ஓட்ட வேண்டும் என்பவருக்கு

ஏ.சி.யும் பவர் ஸ்டியரிங்கும் போட்ட பழைய காரில் குடும்பத்தோடு தேனிக்கும் குற்றாலத்துக்கும் போக வேண்டும் என்ற ஆசையில் தவறே இல்லை. அந்த ஆசைக்காக, குறைவாக ஓடிய வண்டியைத் தேர்ந்தெடுப்பதுதான் தவறு. பல லட்சம் கிலோமீட்டர் டாக்சியாக ஓடி, இரண்டு மூன்று முறை பெயின்ட் மாறி, எஞ்சினும் மாறிப்போன அம்பாசிடர்கள் நம் பக்கத்தில் இன்னும் கிடைக்கின்றன. 2014 வரை தயாரானதால் அவற்றுக்கு உதிரிபாகங்கள் ஓரளவு எளிதாகக் கிடைக்கும். ஹெரால்டுக்கு அந்த வசதி இல்லை. அப்படிப்பட்ட அம்பாசிடரை, சட்டம் இடம் கொடுக்கும் அளவுக்கு, மனம்போல மாற்றலாம். அதில் அழிவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை, உங்கள் வேலையால் அதற்கு இன்னொரு வாழ்க்கை கிடைக்கும். வாங்கும்போது தரைவிரிப்பைத் தூக்கித் தரைத்தகடு, கதவுக்குக் கீழுள்ள விளிம்புத் தகடு (சில்), பின்பக்க ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடம் ஆகியவற்றில் துரு எவ்வளவு என்று ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். இப்போது உள்ளே இருக்கும் எஞ்சினின் எண் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஏறவில்லை என்றால், விலை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும், விற்பவர் அதைப் பதிந்து கொடுக்கும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.